கணினிப் பேழையும் உறுப்புப் பொருத்தமும்

மேசைக் கணினியை நோக்குவோர் பெரும்பாலும் அதன் திரையையே கணினியெனக் கருதுவர். திரைக்கு அருகிலோ மேசையின் கீழோ நிற்கும் பெட்டி, உள்ளிருக்கும் பொருள்களைத் தூசியினின்றும் மறைப்பதற்கு இட்ட வெறும் உறையென்றே எண்ணப்படுகின்றது. கடைகளிலே 'கேசிங்' என வழங்கும் அப்பெட்டி ஈண்டுப் பேழை எனப்படும். பேழை வெறும் உறையன்று. அதுவும் கணினியின் உறுப்புக்களுள் ஒன்றே. தாய்ப்பலகையைத் தாங்குதலும், கசியும் மின்னைப் புவிக்குச் செலுத்துதலும், உள்ளே பிறக்கும் வெப்பத்தை வெளிப்படுத்துதலும் அதன் தொழில்களாம். இத்தொழில்களை அறிந்தார், எவ்வுறுப்பினை எவ்விடத்தில் எம்முறையிற் பொருத்தல் வேண்டுமென்பதைத் தாமே உய்த்துணர்வர். அறியாதார், விளக்கத்தாளைக் கையில் வைத்திருந்தும், ஒரு திருகாணியாற் பெரும்பொருளை இழத்தல் கூடும்.

இவ்வறிவினாற் பயன் யாதென வினவுவோர் உளராயின், பழுதுற்றதெனக் கழிக்கப்பட்டு மூலையிற் கிடக்கும் கணினிகளை அவர் ஒருமுறை திறந்து நோக்குவாராக. கெட்டது மின்வழங்கியொன்றே, ஏனைய யாவும் நலமாயிருக்கும். அல்லது நினைவகத்துண்டொன்று தன் பள்ளத்திற் செவ்வே அமராதிருக்கும். ஓர் உறுப்பின் விலையோடு, சிலபோது விலையின்றியே, தீரத்தக்க குறைக்காக முழுக்கணினியையும் துறத்தல் வறியவர் இல்லத்திற்கும் சிறிய பாடசாலைக்கும் தாங்கொணா இழப்பாகும்.

உறுப்புக்களைத் தனித்தனியே மாற்றலாம் என்னும் நிலை தானாக வந்ததன்று. 1981 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினி, மேலுறையைக் கழற்றினால் 5 விரிவுப்பள்ளங்களைக் காட்டுவதாய் அமைந்திருந்தது. அதன் மின்சுற்று வரைபடங்களும் நூலாக வெளியிடப்பட்டன. ஆதலின் அப்பள்ளங்களிற் பொருந்தும் அட்டைகளைப் பிற நிறுவனத்தாரும் ஆக்கத் தொடங்கினர். 1984 இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரோஷ் கணினியோ விரிவுப்பள்ளமின்றி அமைந்தது. அதன் உறையைக் கழற்றுதற்கு நீண்ட தண்டுடைய சிறப்புத் திருப்புளி வேண்டியிருந்தது. திறந்த பெட்டி, மூடிய பெட்டி என்னும் இருவகைக் கொள்கைகளும் அக்காலந்தொட்டே தொடர்ந்து வருகின்றன.

ஐ.பி.எம். வழிவந்த கணினிகளிலும் தொடக்கத்தில் இடர்கள் இருந்தன. மின்வழங்கியினின்றும் தாய்ப்பலகைக்கு வரும் கம்பிகள், ஒன்றையொன்று ஒத்த இரு செருகிகளாகப் பிரிந்திருந்தன. இரண்டையும் இடமாற்றிச் செருகினும் அவை பொருந்தும். பொருந்தியபின் மின்னூட்டினாற் பலகை கெடும். 'கரிய கம்பியின் பக்கத்திற் கரிய கம்பி' என்பது அக்காலத்துத் தொழிலாளர் நாவிலிருந்த வாய்பாடு. மேலும், முன்புறத்து ஆளிக்கே வீட்டுமின் நேராகக் கொண்டுவரப்பட்டது. ஆகவே பேழையைத் திறந்து கைவைப்போர் விழிப்பாயிருத்தல் வேண்டியதாயிற்று.

இன்ரெல் நிறுவனம் 1995 இல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவைமுறை இவ்விடர்களை நீக்கியது. செருகி ஒன்றாயிற்று, அதுவும் ஒரு திசையிலன்றி மறுதிசையில் நுழையாத வடிவினதாயிற்று. முன்புற ஆளி வீட்டுமின்னைத் தொடாது, தாய்ப்பலகைக்கு ஒரு குறிப்பினை மட்டும் அனுப்புவதாயிற்று. இதனால் ஒரு புதிய நிலையும் உண்டாயிற்று. கணினி அணைந்து தோன்றும்போதும், மின்வடம் செருகியிருக்கும்வரை, பலகையில் 5 வோல்ற்று மின் காத்திருக்கும். ஆதலின் உள்ளே கைவைக்குமுன் மின்வழங்கியின் ஆளியை அணைத்து வடத்தையும் அகற்றுதல் வேண்டும். பலகையிலே சிறு விளக்கொன்று இருப்பின், அது முற்றாக அணையும்வரை பொறுத்தல் நலம்.

ஏ.ரி.எக்ஸ். முறையின் சிறப்பு அளவுகளிலே தங்கியுள்ளது. முழுப்பலகையின் அளவு 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர். மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். எனப்படுவது நாற்புறமும் 244 மில்லிமீற்றர் வரை கொள்ளும். 2001 இல் வியா நிறுவனம் வகுத்த மினி ஐ.ரி.எக்ஸ். 170 மில்லிமீற்றர்ச் சதுரம். சிறிய பலகையின் துளைகள் பெரிய பலகையின் துளைகளுட் சிலவற்றோடு ஒத்து நிற்குமாறு அமைக்கப்பட்டமையால், பெரிய பேழையிற் சிறிய பலகையைப் பொருத்தலாம். பின்புறத்திலே செருகிகள் வெளித்தோன்றும் சாளரம் 158.75 மில்லிமீற்றர் நீளமும் 44.45 மில்லிமீற்றர் உயரமும் உடையது. எந்நாட்டிற் செய்த பேழையாயினும் அம்முறையைத் தழுவியதாயின் இவ்வளவே. ஒருவர் முகத்தை ஒருவர் காணாத பல நாட்டுத் தொழிற்சாலையார் செய்த பொருள்கள் ஒரு பெட்டியினுள்ளே ஒன்றோடொன்று இணங்கி நிற்பது இவ்வளவுகளினாலேயாம்.

பெயர்களிலுள்ள எண்கள் யாவும் அளவுகள் எனக் கொள்ளலாகாது. '3.5 அங்குல' வன்தட்டின் அகலத்தை அளந்து பார்ப்பின் அது ஏறக்குறைய 4 அங்குலமாயிருத்தல் காணலாம். 3.5 அங்குல நெகிழ்தட்டுக்கு வகுத்த இடத்திலே பொருந்துவதாகச் செய்யப்பட்டமையால் அப்பெயர் அதற்கு வந்தது. மாறாக, எம். 2 வகைச் சேமிப்புத்துண்டின்மேற் பொறித்துள்ள 2280 என்னும் எண் மெய்யாகவே அளவைக் குறிப்பது: அகலம் 22 மில்லிமீற்றர், நீளம் 80 மில்லிமீற்றர்.

இனி, பொருத்துதலில் முதன்மையானதும் பலர் பிழைசெய்வதுமான இடத்தை நோக்குதல் வேண்டும். தாய்ப்பலகையின் முதுகு முழுவதும் ஈயப்பற்றுக்களின் கூரிய முனைகள் நிறைந்தது. அஃது உலோகத்தகட்டின்மீது நேரே கிடந்தால் அம்முனைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் குறுஞ்சுற்று உண்டாகும். ஆகவே பேழையின் தகட்டிலே ஏறக்குறைய 6.5 மில்லிமீற்றர் உயரமுள்ள பித்தளை முளைகள் நாட்டப்படுகின்றன. பலகை அம்முளைகளின்மேல் நிற்கும். திருகாணிகள் முளைகளினுள் இறங்கும். முழுப்பலகைக்கு வழக்கமாக 9 துளைகள் உள. துளையைச் சுற்றியுள்ள உலோக வளையம் பலகையின் நிலமின்னோடு தொடர்புடையதாகலின், திருகாணி பலகையைப் பிணிப்பதோடு, பேழையின் வழியாகவும் மின்வழங்கியின் மூன்றாவது கம்பியின் வழியாகவும் புவிக்குத் தொடுத்தும் விடுகின்றது. ஆணியொன்று இருதொழில் புரிவது இவ்விடத்திலாம்.

பேழையை வாங்கும்போது அதிலே சில முளைகள் முன்னரே நாட்டப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் முழுப்பலகைக்கு உரியவை. மைக்ரோப் பலகையை அதிற் பொருத்துவோர், துளையில்லாத இடத்தில் நிற்கும் முளையைக் கழற்றாது பலகையை வைப்பின், அம்முளையின் தலை ஈயப்பற்றுக்களைத் தீண்டும். கணினி எழாது, எழினும் நொடியில் அணையும், தீயூழ் இருப்பின் பலகையே எரியும். குறைந்த முளையாற் கேடில்லையோவெனின், அதுவும் உண்டு. தாங்குவாரற்ற மூலையிலே நினைவகத்தை அழுத்துங்கால் பலகை வளைந்து, கண்ணுக்குத் தோன்றாத செப்பு வரிகள் பிளத்தல் கூடும். ஆகவே பலகையை முதலில் வெறுமனே பேழைமீது பிடித்துத் துளைகளை நோக்கி, முளைகளை எண்ணி, 'துளை இத்தனை, முளை இத்தனை' என ஒப்புநோக்கிய பின்னரே அதனைக் கிடத்துதல் வேண்டும். இவ்வெண்ணலுக்கு இரண்டு நிமிடம் போதும். இதனைச் செய்யாது விட்டோர் முழுநாளையும் பழுதுதேடுதலிற் கழிப்பர்.

திருகாணிகளும் ஓரினத்தன அல்ல. பேழையின் பையிலே கலந்து கிடக்கும் ஆணிகளுட் பெரும்பாலானவை இருவகைப்படும். ஒருவகை, அங்குல முறையிலமைந்து, ஓர் அங்குலத்துக்கு 32 புரிகள் உடையது; அதன் விட்டம் ஏறக்குறைய 3.5 மில்லிமீற்றர். மற்றது மெற்றிக்கு முறையினது. விட்டம் 3 மில்லிமீற்றர், புரியிடை அரை மில்லிமீற்றர். மின்வழங்கியும் 3.5 அங்குல வன்தட்டும் முதல்வகையை வேண்டுவன, 2.5 அங்குலத் திண்மச் சேமிப்புத்தட்டு இரண்டாம் வகையை வேண்டுவது. பித்தளை முளைகளோ இருவகையிலும் உள. நெருங்கிய புரியுடைய துளையிற் பருத்த ஆணியை வலிந்து முறுக்கினாற் புரி அழியும். சரியான ஆணியாயின் விரலினாலேயே இரண்டு மூன்று சுற்று இறங்கும். விரலுக்கு இணங்காத ஆணிக்குத் திருப்புளியைக் கொண்டுவருதல் அறிவுடைமையன்று.

பொருத்தும் முறைவரிசையிலே, பேழைக்கு வெளியே செய்யத்தக்கவற்றை வெளியிலேயே முடித்தல் சாலும். தாய்ப்பலகையை அதன் அட்டைப்பெட்டியின்மேற் கிடத்திச் செயலி, நினைவகம், எம். 2 துண்டு என்பவற்றை முதலிற் பொருத்துவர். அதற்கு முன்னர், உடலிலே சேர்ந்துள்ள நிலைமின்னைப் போக்குதல் வேண்டும். மனிதன் தன் விரலிற் சுரீரென உணரும் நிலைமின்னிறக்கம் ஏறக்குறைய 3,000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. நுண்ணுறுப்புக்கள் சில 100 வோல்ற்றிலும் கெடத்தக்கன. ஆகவே தீங்கு விளைந்தும் விளைத்தவன் அறியான். கடல்சூழ்ந்த நாட்டின் ஈரக்காற்றிலே நிலைமின் குறைவெனினும், குளிரூட்டிய வறண்ட அறையில் அது பெருகும். பூச்சில்லாத புவித்தொடுப்புள்ள உலோகத்தை இடையிடையே தொடுதலும், மணிக்கட்டிற் கட்டும் கடத்திப்பட்டியை அணிதலும் போதிய காவலாம்.

செயலியின் தொடுமுனைகள் முன்னர்ச் செயலியின் அடியிலேயே ஊசிகளாய் நின்றன. இன்ரெல் 2004 முதலும், ஏ.எம்.டி. தன் மேசைக்கணினி வகையில் 2022 இல் வந்த ஏ.எம். 5 முதலும் அவ்வூசிகளைப் பலகையின் குழிக்கு மாற்றின. ஏ.எம். 5 குழியில் 1,718 தொடுமுனைகள் உள. அவை மயிரினும் சற்றே தடித்த வளைந்த கம்பிகள். ஒரு துணிநூல் சிக்கினும் வளையும். செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைக் குழியின் குறியோடு ஒத்துவைத்து, அழுத்தாது விடுதல் வேண்டும். அது தன் நிறையாலேயே அமரும். நெம்புகோலைத் தாழ்த்தும்போது தோன்றும் எதிர்ப்பு இயல்பானது, அதனை அஞ்சவேண்டா.

நினைவகத்துக்கு நான்கு பள்ளங்கள் இருந்து துண்டுகள் இரண்டேயாயின், பெரும்பாலான பலகைகளிற் செயலியிலிருந்து எண்ண இரண்டாம் நான்காம் பள்ளங்களே உரியவை. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்னும் இருவகைக்கும் தொடுமுனைகள் 288 என ஒத்திருப்பினும், வெட்டுவாயின் இடம் வேறாகலின் ஒன்றின் பள்ளத்தில் மற்றது நுழையாது. நுழையாததை வலிந்து நுழைப்போரும் உளர்.

செயலியின்மேல் வெப்பங்கடத்தும் பசையை இடுவதன் காரணம் பலர்க்கு விளங்குவதில்லை. செயலியின் மூடியும் குளிர்த்தியின் அடியும் ஒப்பமாய்த் தோன்றினும் அவற்றிடையே நுண்ணிய பள்ளங்கள் உள. அவற்றிலே காற்று தங்கும். செம்பு காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு வெப்பத்தை நன்கு கடத்துவது. அக்காற்றை அகற்றுதலே பசையின் தொழில். பசை மிகுந்தாற் குளிர்ச்சி மிகும் என்பது பிழை. பயற்றளவு நடுவில் இட்டு அழுத்தினாற் பெரும்பாலும் போதும். குளிர்த்தியின் அடியில் ஒட்டியுள்ள மெல்லிய காப்புத்தாளை உரிக்க மறந்தோர் தொகை சிறிதன்று.

இவ்வளவும் முடிந்தபின் பின்புறச் சாளரத்தின் தகட்டைப் பேழையில் உள்ளிருந்து அழுத்தி, பலகையை அதனோடு பொருத்தி, முளைகளின்மேல் அமர்த்துவர். தகட்டை மறந்து பலகையைத் திருகி முடித்தோர் யாவற்றையும் மீளக் கழற்றவேண்டியவராவர். இப்போது சில பலகைகளில் இத்தகடு பிரியாது இணைந்தே வருவது இம்மறதிக்கு மருந்தாம். ஆணிகளை ஒவ்வொன்றாய் முற்ற முறுக்காது, எல்லாவற்றையும் தளர இறக்கியபின், மூலைக்கு மூலை மாறி இறுக்குதல் முறை.

மின்வழங்கி இக்காலப் பேழைகளிற் பெரும்பாலும் அடியில் நிற்கும். அடித்தகட்டிலே வலைத்துளை இருப்பின் அதன் விசிறி கீழ்நோக்கி நிற்றல் நலம். பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் முதுகில் 115, 230 எனப் பொறித்த சிறிய சிவப்பு ஆளி உண்டு. இலங்கையின் வீட்டுமின் 230 வோல்ற்று ஆதலின், அவ்வாளி 115 இல் நிற்க மின்னூட்டின் வெடியோசையோடு அது முடிவெய்தும்.

கம்பிகள் கழற்றத்தக்கனவாயுள்ள மின்வழங்கிகளிலே ஒரு மறைந்த இடர் உளது. தாய்ப்பலகைப் பக்கத்துச் செருகி அளவைமுறைக்கு உட்பட்டது. மின்வழங்கிப் பக்கத்துச் செருகிக்கோ பொதுவிதி இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம், சிலபோது ஒரே நிறுவனத்தின் வகைக்கு வகை, கம்பிகளின் ஒழுங்கு வேறுபடும். வடிவம் ஒன்றாயிருக்கும், 5 வோல்ற்று வரவேண்டிய இடத்தில் 12 வோல்ற்று வரும். பழைய மின்வழங்கியை மாற்றும்போது 'கம்பிகள் பேழையில் நன்கு கட்டப்பட்டுள்ளனவே, அவை கிடக்கட்டும்' என விட்டுப் புதியதைச் செருகினோர், ஆண்டுக்கணக்கிற் சேர்த்த எழுத்துக்களையும் படங்களையும் கொண்ட வன்தட்டை ஒரு கணத்தில் இழந்திருக்கின்றனர். 1995 இல் ஒரு முனையில் ஒழிக்கப்பட்ட பழைய கேடு மறுமுனையில் மீண்டும் தலைகாட்டியது எனலாம். மின்வழங்கி மாறின் கம்பிகள் அனைத்தும் மாறுதல் வேண்டும்.

வரைவியல் அட்டை இறுதியிற் செருகப்படுவது. அது பெரியது, மற்றெல்லாவற்றையும் மறைப்பது. 300 மில்லிமீற்றரைக் கடந்த நீளமுள்ள அட்டைகள் இக்காலத்தில் உளவாதலின், பேழையை வாங்குமுன்னரே உள்நீளத்தை நோக்குதல் வேண்டும். பள்ளத்தின் வழியாக 75 உவாற்று மட்டுமே கிடைக்கும். மிகுதி தனிக்கம்பியால் வரும். 2022 இல் வந்த 16 முனைச் செருகி 600 உவாற்றுவரை கொள்வது. 12 வோல்ற்றில் 600 உவாற்று என்பது 50 அம்பியர். அதனை ஆறு சிறு முனைகள் பங்கிட்டுச் சுமக்கின்றன. செருகி முற்றாக நுழையாதிருப்பின் தொடுபரப்புக் குறைந்து வெப்பம் பெருகும். அவ்வாண்டின் இறுதியிலேயே சில செருகிகள் உருகின. 2023 இல் அதன் உணர்முனைகள் குறுக்கப்பட்டுத் திருத்தம் வந்தது. எனினும் 2025 இலும் உருகிய செய்திகள் எழுந்தன. செருகியின் விளிம்புக்கும் அட்டைக்கும் இடையே இடைவெளி தோன்றாதவரை அழுத்துவதும், செருகியருகே கம்பியைச் சடுதியாக வளையாது விடுவதும் பொருத்துவோர் கையிலுள்ளவை.

வெப்பத்தைப்பற்றித் தனியே கூறல் வேண்டும். கணினி உண்ணும் மின் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகின்றது. 400 உவாற்று உண்ணும் கணினி, அறையில் வைத்த 400 உவாற்று அடுப்பேயாம். குளிர்நாட்டார் எழுதிய குறிப்புக்கள் 20 பாகை அறையை எண்ணி எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்துப் பங்குனி சித்திரை வெயிலில் அறையே 30 பாகையைக் கடக்குங்கால், காற்றினாற் குளிரும் எவ்வுறுப்பும் அதனிற் குளிர்ந்திருத்தல் இயலாது. இக்காலச் செயலிகள் 95 முதல் 100 பாகை செல்சியசு வரை தாங்கும். அவ்வெல்லையை அணுகும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கணினி மெதுவாயிற்று என வருந்துவோர் பலர், விசிறியின் தூசியை அகற்றினாற் பழைய வேகத்தைக் காண்பர்.

காற்று முன்புறத்தாலும் அடியாலும் புகுந்து பின்புறத்தாலும் மேலாலும் செல்லுதல் பொதுவழக்கு. விசிறியின் எப்பக்கத்திலே குறுக்குச்சட்டங்கள் உளவோ அப்பக்கத்தாற் காற்று வெளிவரும். இதனை அறியாது விசிறிகள் அனைத்தையும் வெளிநோக்கிப் பொருத்தியவர் உண்டு. வெளிச்செல்லும் காற்றினும் உட்புகும் காற்றுச் சற்று மிகின், உள்ளமுக்கம் கூடி, வடிகட்டியில்லாத இடுக்குகளின் வழியே தூசி நுழைதல் குறையும். கண்ணாடி முகப்புடைய அழகிய பேழைகள் சில காற்றுக்கு வழிவிடாது மூச்சடைப்பன. இத்தகைய நாட்டில் வலைமுகப்பே ஏற்றது.

காற்றுவழியை நேராக்குதற்கென இன்ரெல் நிறுவனமே 2004 இல் பி.ரி.எக்ஸ். என்னும் வேறோர் அளவைமுறையைக் கொணர்ந்தது. செயலியைப் பேழையின் முகப்பருகே வைத்து, முதற்காற்றை அதற்கே ஊட்டுதல் அதன் நோக்கம். கோட்பாட்டளவில் அது நன்றே. ஆயின் பழைய பேழைகள் அதற்கு உதவா. வெப்பங் குறைந்த செயலிகள் 2006 இல் வந்தமையால் அதன் தேவையும் குன்ற, அம்முறை கைவிடப்பட்டது. முப்பது ஆண்டுகட்கு முன் வாங்கிய ஏ.ரி.எக்ஸ். பேழையிலே இன்றைய பலகையொன்றை இன்றும் திருகலாம். இரண்டாண்டு வாழ்ந்த பி.ரி.எக்ஸ். பேழைக்கோ பொருந்தும் பலகை புதிதாய்க் கிடையாது. பெரிய நிறுவனத்தார் சிலர் அலுவலகக் கணினிகளிலே தமக்கேயுரிய மின்செருகிகளையும் பலகை வடிவங்களையும் கையாளுவதுண்டு. பழைய கணினியை வாங்குவோர், உறையைத் திறந்து, 24 முனைச் செருகி உளதோவென நோக்கிய பின்னரே விலைபேசல் வேண்டும்.

முகப்பின் ஆளிக்கும் விளக்குகளுக்கும் உரிய மெல்லிய கம்பிகளே இறுதி வேலை. ஆளிக்குத் திசையில்லை, எப்படிச் செருகினும் தொழில் செய்யும். விளக்குகளுக்கு நேர், எதிர் என்னும் வேறுபாடு உண்டு. மாறினால் விளக்கு எரியாது, வேறு கேடில்லை. யூ.எஸ்.பி. செருகியின் ஊசிகளோ எளிதில் வளைவன. ஆகவே முனையில்லாத துளையின் இடத்தை நோக்கிச் செருகல் வேண்டும்.

பக்கத்தகட்டை மூடாமலே முதன்முறை மின்னூட்டுவர். விசிறிகள் சுழன்றும் திரை இருண்டிருப்பின் உடனே அணைத்தலாகாது. டி.டி.ஆர். 5 நினைவகமுள்ள கணினி, முதன்முறையில் நினைவகத்தைத் தானே பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்தல் இயல்பு. அதன் பின்னும் எழாதாயின், திரைவடம் வரைவியல் அட்டையில் அன்றிப் பலகையிற் செருகப்பட்டுள்ளதோ, செயலிக்குரிய 8 முனை மின்செருகி மறக்கப்பட்டதோ, நினைவகத்தின் இருபுறத் தாழும் பூட்டியுள்ளனவோ என நோக்குவர். இம்மூன்றும் சரியெனின் நினைவகத்தில் ஒரு துண்டை மட்டும் விட்டுப் பார்ப்பர். அப்போதும் எழாதாயின் பலகையைப் பேழையினின்றும் வெளியே எடுத்து அட்டைப்பெட்டியின்மேல் வைத்து மின்னூட்டுவர். வெளியே எழுந்து உள்ளே எழாத கணினிக்கு நோய் முளைகளிலேயே உளது. திரும்பவும் துளைகளையும் முளைகளையும் எண்ணத் தொடங்குதல் வேண்டும்.